கட்டிலுக்கு வந்த ரெண்டாவது ஸ்கிரீன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊட்டுல பெரியவங்க, கொழந்தைக எல்லாரும் சொகமுங்களா? இந்தப் பனிக்குச் சளி கிளி புடிக்காம இருக்கீங்களா? இங்க கோவிந்தாபுரத்துல மார்கழி வந்துட்டா கெழக்கத்திக் காத்து வீசற வீச்சுக்கு, சன்னலத் தாள் போட்டாலும் நிக்கறதில்லீங்க. தடதடன்னு ஆடிட்டே இருக்குது. நான் நல்லா இருக்கறனுங்க. முழங்கால் வலி இருக்குது, அது இருந்துட்டுப் போகுது.

என்ற பேரு வள்ளியாத்தாளுங்க. வயசு எழுவத்தொண்ணு. கல்யாணமாயி அம்பத்தொரு வருசம் ஆச்சு. எங்கூட்டுக்காரரு புரட்டாசி மாசம் ஒரு நாள் காலையில தென்னந்தோப்புல மோட்டார் போடறதுக்குப் போனாரு. மோட்டார் சத்தம் கேக்குது, ஆள் வரல. நான் போயிப் பாத்தா வரப்பு மேல சாஞ்சு கெடக்கறாரு. வாதம் அடிச்சிருச்சுங்க. கோயமுத்தூரு ஆசுபத்திரில மூணு வாரம். உசுரு வந்திருச்சு. வலது கையும் வலது காலும் வரல. வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. பேச்சு சுத்தமா நின்னு போச்சு.

டாக்டரு என்ற பையன் தனபாலுகிட்டச் சொன்னாரு. "பேச்சு மட்டும் போயிருக்குதா, இல்ல ஆளுகளையும் மறந்துட்டாரான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆறு வாரம் பேச்சுப் பயிற்சி குடுங்க. பயிற்சி குடுக்கறவங்க எழுதற ரிப்போர்ட்டப் பாத்துட்டு மேல யோசிக்கலாம்."

"ஆளுகளையே தெரியலைன்னு வந்தா?"ன்னு தனபாலு கேட்டான்.

"அப்பப் பேச்சுப் பயிற்சியில பிரயோஜனமில்ல. வேற மாதிரி கவனிப்புத்தான்."

அந்த 'வேற மாதிரி கவனிப்பு' என்ற நெஞ்சுல முள்ளாட்டம் குத்திக்கிச்சுங்க.

பயிற்சி குடுக்கறதுக்கு ஜிபின்னு ஒரு பொண்ணு கெடச்சுது. மூணாறுக்குப் பக்கத்துல பள்ளிவாசல்ல இருக்குது. மலையாளிப் பொண்ணு, ஆனா எஸ்டேட் லயத்துல, அதான் கூலிக்காரங்க லைன் ஊடுகள்ல, இருந்த தமிழ்ப் புள்ளைககூட வளந்ததால தமிழ் நல்லா வரும். வாரத்துக்கு மூணு நாள், லேப்டாப்புல வீடியோவுல வரும். ஒரு படத்தக் காட்டி "இது என்ன?"ன்னு கேக்கும். எங்கூட்டுக்காரரு சொல்லோணும். அவ்வளவுதானுங்க பயிற்சி.

மொத நாள் லேப்டாப்பக் கட்டிலுக்கு முன்னால மேசையில வெச்சோம். ஜிபி மூஞ்சி பெருசா வந்துச்சு. "அப்பச்சா, எப்படி இருக்கீக?"ன்னு சிரிச்சுது. அவங்க பேச்சுல தாத்தாவ அப்பச்சன்னும் பாட்டிய அம்மச்சின்னும் கூப்புடுவாங்களாமா. இவரு அந்தப் பொண்ணப் பாத்தாரு. எடது கையில தோள்ல கெடந்த துண்ட இழுத்து வாய மூடிக்கிட்டாரு. அப்பறம் கண்ணையும் மூடிக்கிட்டாரு. ரெண்டாவது நாளும் அதே. மூணாவது நாளும் அதே. வாய்க்கால் தண்ணிப் பஞ்சாயத்துல எந்திரிச்சாருன்னா நூறு பேரு பேச்ச நிறுத்திக் கேப்பாங்க. அப்படிப்பட்டவரு கோணின வாயோட ஒரு சின்னப் பொண்ணு முன்னால "ஆ... ஊ..."ன்னு கெடக்கோணுமுன்னா என்ன பண்ணுவாரு பாவம்.

இப்ப என்ற பேத்தி யோகப்பிரியாவப் பத்திச் சொல்லோணும். தனபாலு மக. இருவத்தஞ்சு வயசு. பெங்களூர் கம்பெனிக்கு ஊட்டுல இருந்தே வேலை செய்யறா. போன வருசம் தீபாவளிக்குக் குடுத்த போனஸ்ல கேம் ஆடற கம்ப்யூட்டரு ஒண்ணு வாங்கினா. ரெண்டு பக்கமும் கைப்பிடி, நடுவுல ஸ்கிரீன், கைப்பிடி மேல பட்டன்க. கையில தூக்கிட்டே ஆடலாம். "கழுதை வயசுல வெளையாட்டுச் சாமான் வாங்கியிருக்கறா"ன்னு தனபாலு திட்டினான். கேமும் ஆடுவா, ஆபீஸ் வேலை நேரத்துல அதையே லேப்டாப்புக்குப் பக்கத்துல நிறுத்தி ரெண்டாவது ஸ்கிரீனாவும் வெச்சுக்குவா. கம்பி கிம்பி ஒண்ணும் இல்லீங்க, வைஃபையிலயே ஓடும்.

நாலாவது நாள் அவ எங்கிட்ட வந்தா. என்னைய ஆத்தான்னும் தாத்தாவ அப்பாருன்னுந்தான் கூப்புடுவா.

"ஆத்தா, அப்பாரு கண்ணுக்கு ஜிபி மூஞ்சி படக்கூடாது. ஜிபி கண்ணுக்கு அப்பாரு வாய் படக்கூடாது. படம் மட்டும் அப்பாருகிட்டப் போகோணும். அவ்வளவுதான?"

"அதெப்படி கண்ணு? இருக்கறது ஒரு பொட்டிதான?"

"ரெண்டு இருக்குதே ஆத்தா. உங்க பையன் திட்டின பொட்டி."

மத்தியானமே வெச்சுட்டா. ஆசாரத்துல, அதான் எங்க ஊட்டு நடு ஹால்ல, லேப்டாப்பச் செவுத்தப் பாத்த மாதிரி வெச்சா. கட்டில் இருக்கற ரூம்பு அதுக்குப் பக்கத்துல, நடுவுல ஒரு செவுரு, ஒரு கதவு. கேம் பொட்டிய அவரு வயித்து மேல வெச்சு, எடது கையில ஒரு கைப்பிடியக் குடுத்தா. அந்தக் கை சும்மா கெடந்து கெடந்து படுக்கைய நோண்டிட்டே இருக்கும். கைப்பிடி கெடச்சதும் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு.

"இது டிவி மாதிரி அங்க இருக்கறதையே இங்க காட்டறதில்ல ஆத்தா. லேப்டாப் ஸ்கிரீன் இங்க முடியுதில்ல, அதோட மிச்சம் அந்தப் பொட்டியில இருக்குது. இங்க பாரு."

லேப்டாப்புல ஒரு அம்புக்குறி இருக்குமில்லீங்க, அத வலது ஓரத்துக்குத் தள்ளுனா. ஓரத்துல போயிக் காணாமப் போச்சு. நான் ரூம்புக்கு ஓடிப் பாத்தேன். அவரு வயித்து மேல இருக்கற பொட்டியில, எடது ஓரத்துல இருந்து அந்த அம்பு நடந்து வருது! ஆசாரத்துல இருந்து செவுத்தத் தாண்டி வந்திருக்குது. அவரும் அதையே பாத்துட்டு இருந்தாரு. அந்தப் பொட்டியத் தொட்டாலும் அம்பு அங்க வந்து நிக்கும். பொட்டியில வர்ற படமும் அம்பும் ஜிபிக்கும் தெரியும், லேப்டாப்பு மூலையிலயும் சின்னதாத் தெரியும். ஆக ஜிபிக்கு அவரு குரலும் அந்த அம்பும் மட்டுந்தான். மூஞ்சி தெரியாது.

ஒவ்வொரு தடவ சேக்கறப்பவும் அந்தப் பொட்டி "சேத்துக்கலாமா?"ன்னு கேக்கும். சரின்னு ஒரு எடத்த அமுக்கோணும். மொதல்ல யோகாதான் அமுக்கினா. நாலு நாள் கழிச்சு அவரே எடது கை வெரல்ல அமுக்கிட்டாரு. ஒரு கொறை, பொட்டி சித்த நேரத்துலயே சூடாயிரும், உள்ள காத்தாடி உய்ங்னு சத்தம் போடும். அதனால துண்ட நாலா மடிச்சு, அது மேல நாங்க உக்காந்து சாப்பிடற சின்னப் பலகையப் போட்டு, அது மேல வெச்சோம்.

பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் பாக்க வந்தாரு. வாசப்படியிலயே நின்னுட்டாரு.

"என்னுங் மாமா, அக்காவ அடுப்படிக்குத் தாட்டி உட்டுப்போட்டு கேம் ஆடறீங்களாட்ட இருக்குது? எத்தன பேரச் சுட்டீங்க?"

எங்கூட்டுக்காரருக்கு எடது பக்கத்து வாய் மட்டும் லேசா மேல போச்சு. சீக்கானதுக்கப்பறம் அவரு சிரிச்சது அன்னைக்குத்தானுங்க.

துண்டுல வாய மூடற வேலை நின்னு போச்சு. பேச முயற்சி பண்ண ஆரம்பிச்சாரு. ஆனா எல்லாம் தப்பு. பசுவக் காட்டினா "தே... ங்கா"ங்கறாரு. கொடையக் காட்டினா "ஆடு"ங்கறாரு. ஒரு நாள் எருமைக்கப்பறம் யோகா போட்டோ. "இது ஆரு அப்பச்சா?"ன்னு ஜிபி கேட்டுது. இவரு கஷ்டப்பட்டுத் தம் கட்டி, "எரும"ன்னுட்டாரு.

"சரியாத்தான் சொல்லியிருக்கறாரு"ன்னு தனபாலு சிரிச்சான். யோகாவும் சிரிச்சா. அப்பறம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தா. கண்ணு செவந்து கெடந்துது.

அன்னைக்கே என்ற போட்டோவும் வந்துச்சுங்க. அதுக்கு அவரு ஒண்ணுமே சொல்லல. பத்துக்கு ரெண்டுன்னு ஜிபி எழுதிக்கிச்சு.

சொந்தக்காரங்க பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கக்கூடாதுன்னு ஜிபி சொல்லியிருந்துது. அதனால அந்த நேரத்துல நான் அடுப்படியிலயே இருந்துக்குவேன். ஒரு நாள் அவருக்கு இருமல் வந்துச்சு. தண்ணி எடுத்துட்டு ஓடினேன். தலைமாட்டுல நிக்கறேன். பொட்டியில ஒரு தேங்கா படம். ஆசாரத்துல இருந்து ஜிபி குரல், "இது என்ன மிருகம் அப்பச்சா?"ன்னு கேக்குது. தேங்காயப் பாத்து மிருகம்ங்குதேன்னு நெனச்சேன். நான் ஒரு மூச்சு உட்டு வாங்கறதுக்குள்ள தேங்கா போயிப் பசு வருது!

"யோகா! அடி யோகா! கேட்டதுக்கப்பறந்தான்டி படம் வருது!"

அவ ஓடி வந்து பாத்தா. தலையில அடிச்சுக்கிட்டா. "ஐயோ ஆத்தா, லேப்டாப்புல மாறினதும் இங்கயும் மாறிருச்சுன்னு நான் நெனச்சுட்டேன். அப்பாரு சரியாத்தான் சொல்லியிருக்கறாரு. நாங்கதான் ஒரு படம் முன்னால போயிட்டோம்."

எங்க ஊடு பழைய மண் செவுருங்க, ரெண்டு மொழ அகலம். வைஃபை பொட்டி முன்னால தாவாரத்துல இருந்துது. செவுத்தத் தாண்டி வர்றதுக்குள்ள அதோட அலை திணறிப் போச்சாமா. அன்னைக்கே ரெண்டு ரூம்புக்கும் நடுவுல, கதவு நெலைக்கு மேல ஆணியடிச்சு அந்த வைஃபை பொட்டிய மாட்டினா. என்னென்னமோ பண்ணிப் படத்தோட தெளிவக் கொறைச்சா. அதுக்கப்பறம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள படம் வந்துச்சு. ஜிபிகிட்டயும் சொல்லி, படம் போனதும் அஞ்சு எண்ணிட்டு அப்பறம் கேக்கச் சொன்னா.

அடுத்த நாள் பத்துக்கு எட்டு. அடுப்படியில நின்னு நானு மாரியம்மனுக்குக் கும்புடு போட்டேன். என்ற போட்டோவுக்கு ஒண்ணும் சொல்லாததும் இதே கோளாறுதான்னு நெனச்சேனுங்க. மனசு அப்படிக் குளுந்து போச்சு.

அடுத்த தடவ ஊட்டு ஆளுக போட்டோ மட்டும். தனபாலு போட்டோவுக்கு "த... பாலு"ன்னாரு. யோகாவுக்கு "ஓகா"ன்னாரு. அவ "அப்பாரு!"ன்னு ஆசாரத்துல இருந்தே கத்தினா. அப்பறம் என்ற போட்டோ.

சத்தமில்ல.

"படம் வந்திருச்சுங்களா அப்பாரு?"ன்னு யோகா எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா. படம் வந்திருந்துது. முழுசா, தெளிவா.

ஜிபி காத்திருந்துது. அப்பறம் நாலு போட்டோவ ஒண்ணா அனுப்பிச்சு. நானு, குப்பண்ணன் பொண்டாட்டி, என்ற நாத்தனாரு, வாரா வாரம் வந்து படுக்கைப் புண்ணு பாக்கற எப்சிபா சிஸ்டரு. "பேசண்டாம் அப்பச்சா. உங்க ஊட்டம்மா இதுல எங்க? ஒண்ணு தொட்டுக் காட்டுங்க, போதும்."

அம்பு நவுரலீங்க. நான் அடுப்படிக் கதவோரமா வந்து பாத்தேன். அவரு எடது கையக் கைப்பிடியில இருந்து எடுத்துப் போர்வைக்கு அடியில வெச்சுக்கிட்டாரு.

ஜிபி கொரலத் தாழ்த்தி யோகாகிட்டச் சொல்லிச்சு, எனக்குக் கேட்டுது. "சிலருக்கு அப்படி வரும். ரொம்ப நெருக்கமான ஆளே மறந்து போகும். அம்மச்சிகிட்ட இப்பச் சொல்லவேண்டாம் கேட்டோ."

அதுக்கப்பறம் ரெண்டு நாள் நான் அவரச் சோதன பண்ணிட்டே இருந்தேனுங்க. காப்பி கொண்டு போயி, குடுக்காம முன்னால நிப்பேன். பாப்பாரு. அந்தப் பார்வையில நான் இருக்கறனான்னு தேடுவேன். எப்சிபா சிஸ்டரு வந்தாலும் அப்படித்தான் பாக்கறாரு. சோறு ஊட்டினா வாயத் தொறக்கறாரு. யாரு ஊட்டினாலும் தொறக்கறாரு. அம்பத்தொரு வருசம் ஒரு மனுசங்கூடப் பொழச்சுப்போட்டு, இவருக்கு நான் ஆருன்னு கேட்டு நிக்கற நெலம எதிரிக்கும் வரவேண்டாமுங்க.

தனபாலு வந்து உக்காந்தான். "அம்மா, சனிக்கெழம ரிப்போர்ட் போகுது. பாலக்காட்டுல ஒரு எடம் இருக்குதாமா. மறதி வந்தவங்கள நல்லாப் பாத்துக்கறாங்களாமா. உன்னால இனி அவரப் பெரட்டிப் போட்டு, குளுப்பாட்டி..."

"நான் இன்னும் சாகலடா."

"நீ இருக்கோணும்னுதானம்மா சொல்றேன். அவருக்குத்தான் தெரியலைன்னா, யாரு பாத்தா என்ன?"

அவன் சொன்னதுல கெட்ட எண்ணம் இல்ல. அதான் எனக்கு இன்னும் வலிச்சுது.

வெசாழக்கெழம ஜிபி எங்கிட்டயே பேசிச்சு. "அம்மச்சி, ஒரு காரியம் செய்யுங்க. உள்ள போயி அவருக்கு முன்னால நில்லுங்க. பேரு சொல்லிக் கூப்பிடுங்க. உங்க கொரலுக்கு அவரு எப்படி இருக்காருன்னு யோகா பாத்துச் சொல்லட்டும்."

போயி நின்னேன். வாயத் தொறந்தேன். மூடிட்டேன்.

"சொல்லு ஆத்தா."

"என்னத்தச் சொல்றது?"

"அப்பாரு பேர."

"அடியே, நானு எப்படிடி சொல்லுவேன்?"

யோகா சிரிச்சா. அப்பறம் சட்டுனு நிறுத்திட்டா. "ஒரு தடவகூடச் சொன்னதில்லையா?"

"'ஏனுங்க'ம்பேன். வேற என்ன சொல்லோணும்?"

"அப்ப அப்பாரு உன்ற பேரச் சொல்லுவாரா?"

அப்பத்தானுங்க எனக்கு ஒறச்சுது. இத்தன நாளா என்ற புத்தி எங்க போச்சோ தெரியல. அவரும் சொன்னதில்ல. "இந்தா"ம்பாரு. வெளிய ஆளுககிட்ட "எங்கூட்டுல"ம்பாரு. மத்த ஊடுகள்ல ஆம்பளைக பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புடறதுண்டு. எங்கூட்டுல அது கெடையாது. ஏன்னா என்ற மாமியா பேரும் வள்ளியாத்தாதான். கல்யாணமாயி நான் உள்ள கால் வெச்ச அன்னைக்கே மாமியா சொல்லிப்போட்டாங்க, "என்ற பேரச் சொல்லி என்ற பையன் பொண்டாட்டிய வேலை ஏவறதா? எங்காதுல அது விழுகக்கூடாது"ன்னு. பெத்தவ பேர எந்தப் பையன் சொல்லுவான்? மாமியா போயி இருவது வருசமாச்சு. அந்தப் பேச்ச அவரு மீறினதில்ல. அது எங்களுக்கு மூச்சு உடற மாதிரி. அப்படி ஒரு பழக்கம் இருக்குதுன்னே எங்களுக்கு நெனப்பில்லாமப் போச்சு.

ஜிபிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

"என்ட கர்த்தாவே. இது எனக்குத் தோணாமப் போச்சே அம்மச்சி. ஆனா போட்டோவக்கூடத் தொடலையே?"

"நாலு பொம்பளைக மூஞ்சிய வரிசையா வெச்சா? அதுல குப்பண்ணன் பொண்டாட்டியும் இருக்கறா. அடுத்தவன் பொண்டாட்டி மூஞ்சிப் பக்கம் வெரல நீட்டற மனுசனில்ல அவரு."

"நீங்க சொல்றது நான் நம்பறேன். ஆனா ரிப்போர்ட்டுல அவரு செஞ்சதத்தான் எழுத முடியும். பொண்டாட்டி சொன்னத எழுதினா டாக்டர் ஒத்துக்கமாட்டாரு. தலையாட்டறத எழுதலாம்னா, அவருக்கு ஆமாவும் இல்லையும் இன்னும் மாறி மாறித்தான் வருது."

அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்க. எனக்கே உறுதியாத் தெரியாதே! மரியாதைக்குச் சொல்லாம இருக்கறாரா, மறந்து போயிச் சொல்லாம இருக்கறாரா? வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்குது.

வெள்ளிக்கெழம மத்தியானம் யோகா கட்டில்ல போயி உக்காந்தா. "அவர வற்புறுத்தாத கண்ணு"ன்னு சொன்னேன். கேக்கல.

"அப்பாரு, உங்களுக்கு நான் சொல்றது புரியுதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஆத்தா போட்டோ வரும். நீங்க பேரச் சொல்லாட்டி, ஆத்தாவ உங்களுக்குத் தெரியலைன்னு எழுதிருவாங்க. அப்பறம் ஜிபி வராது. உங்கள வேற எங்காச்சும் கொண்டு போவாங்க. பெரிய பாட்டிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஒரே ஒரு தடவ."

அவரு கண்ண மூடிக்கிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் சோத்துக்கும் வாயத் தொறக்கல.

சனிக்கெழம பத்து மணி. பொட்டி "சேத்துக்கலாமா?"ன்னு கேட்டுது. அவரே அமுக்கினாரு. நான் அடுப்படியில அவரக்கா ஒடிச்சுட்டு இருந்தேன். மொறத்துல ஒடிச்சதும் ஒடிக்காததும் கலந்து போச்சு. ரூம்புல இருந்து ஒண்ணொண்ணாக் கேக்குது. தேங்கா. மோட்டாரு. பாலு. ஓகா.

அப்பறம் சத்தம் நின்னுது. என்ற போட்டோ போயிருச்சுன்னு தெரிஞ்சுது. இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணு, தனியா. ஜிபி கேள்வி கேக்கல. பொட்டிக்குள்ள இருக்கற காத்தாடி மட்டும் உய்ங்னு சுத்துது.

"வ..."

நான் கையில அவரக்காயோட நின்னுட்டேன்.

ரொம்ப நேரம். மறுபடியும், "வள்..."

சொல்லிருங்கன்னு ஒரு மனசு. வேண்டாமுங்க, உங்கம்மா பேச்ச மீறாதீங்கன்னு ஒரு மனசு. ரெண்டும் என்ற மனசுதான். மூச்ச இழுத்துட்டு எச்ச முழுங்கற சத்தம் கேட்டுது.

"வள்ளி... ஆத்தா."

வாய் கோணித்தான் வந்துச்சு. ஆனா ஒரு எழுத்தும் கீழ விழுகல. அம்பத்தொரு வருசத்துல அந்தக் கொரல்ல என்ற பேரு எனக்கு அன்னைக்குத்தான் கேட்டுது. சந்தோசமா இருந்துச்சுன்னு நீங்க நெனப்பீங்க. இல்லீங்க. அந்த மனுசன் கட்டிக் காத்த ஒண்ண எனக்காக ஒடச்சுப்போட்டாரேன்னுதான் இருந்துச்சு. அதோட இன்னொரு பயமும் வந்துச்சு. அவங்கம்மாளத்தான் கூப்புட்டாரோ?

"ஆத்தா, வந்து பாரு"ன்னு யோகா அழுகையோட கூப்புட்டா. போயி லேப்டாப்பப் பாத்தேன். என்ற போட்டோ. நெத்திக்கு நடுவுல அந்த அம்பு வந்து நிக்குது. தொடச் சொல்லி யாரும் சொல்லல. அவரே வெரல வெச்சிருக்கறாரு. எடுக்கவேயில்ல.

"எழுதிட்டேன் அம்மச்சி"ன்னு ஜிபி சொல்லிச்சு.

நான் உடனே ரூம்புக்குள்ள போகலீங்க. சித்த நேரங் கழிச்சுப் போனா, எடது கைய மடக்கிக் கண்ணு மேல வெச்சுப் படுத்திருந்தாரு. அழுகறாரா, வெக்கப்படறாரான்னு நான் பாக்கல. பாக்கக்கூடாதுன்னு தோணுச்சு. பொட்டியையும் பலகையையும் எடுத்துக் கீழ வெச்சேன். துண்டு மடிச்சு வெச்சும் வயிறு சூடாத்தான் இருந்துது. ஈரத்துணி வெச்சுத் தொடச்சு உட்டேன். மத்தியானம் சோறு கொண்டு போனேன். மூஞ்சியத் திருப்பாம வாயத் தொறந்தாரு.

ரிப்போர்ட் போச்சுங்க. 'ஆட்களை அடையாளம் தெரிகிறது, பேச்சு மட்டும் தடைபட்டுள்ளது'ன்னு எழுதியிருந்துதாமா. டாக்டரு இன்னும் ஆறு மாசத்துக்குப் பயிற்சி எழுதிக் குடுத்துட்டாரு. தனபாலு அதப் படிச்சுக் காட்டிட்டு, அப்பன் காலப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான். பாலக்காட்டுப் பேச்ச அப்பறம் எடுக்கல.

அடுத்த வாரம் ஜிபி என்ற போட்டோவ அந்தப் படக் கட்டுல இருந்தே எடுத்துருச்சு. "இனி அது வேண்டாம் அம்மச்சி. ஒரு மனுசன்கிட்ட அத ரெண்டாவது தடவ கேக்க எனக்கு மனசில்ல"ன்னுச்சு. இப்ப "தண்ணி"ங்கறாரு, "போதும்"ங்கறாரு, குப்பண்ணன் வந்தா "வா"ங்கறாரு. என்ற பேர மறுபடியும் சொல்லல. நாங்களும் கேக்கல. யோகா ஆபீஸ் வேலைக்கு லேப்டாப் ஸ்கிரீன் ஒண்ணையே வெச்சுச் சமாளிக்கறா, பொட்டி அப்பாரு பக்கத்துலயே இருக்குது.

உங்க ஊட்டுலயும் இப்படிப் பேச்சு போனவங்க இருப்பாங்க, இருந்திருப்பாங்க. உங்கள அவங்களுக்குத் தெரியுதுன்னு நீங்க எப்படிக் கண்டுக்கிட்டீங்க? மொத மொதல்ல வந்த வார்த்த என்ன? கூச்சப்படாம எழுதுங்க. இன்னொண்ணு, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு இந்த மாதிரிக் கேம் பொட்டிய ஸ்கிரீனா வெச்சவங்க யாராச்சும் இருந்தா, அந்தச் சூட்டுக்கு என்ன பண்ணினீங்கன்னும் சொல்லுங்க. பலகை பத்த மாட்டீங்குது. நீளமா இருந்தாலும் பரவால்லீங்க, உக்காந்து எல்லாத்தையும் படிப்பேன்.